பூட்டிய வீட்டு நட்சத்திரம்

— எங்கப்பா உள்ளதான் தூங்காவ. வாசல்ல தொங்குற ஸ்டாரைத் தொட்டீங்கன்னா எழுப்பிருவேன்.

— வெளிய இத்தண்டி பூட்டு தொங்குது, மக்ளே. அப்பா எப்படி உள்ள தூங்குவாவ?

— தூங்காவன்னா தூங்காவ.

— அழாதளா. உம் பேரென்ன?

— திருடன்கிட்ட பேர் சொல்லக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லிருக்காவ.

— நான் திருடன் இல்ல. கடையநல்லூர் முகைதீன். இங்க தாராவில தோல் கிடங்குல வேல பாக்கேன். கேட்டியா, மதராசியெல்லாம் ஊரவிட்டுப் போகணும்னு பெரிய ரோட்டுல கும்பலா வந்து நம்மாளுவ கடைய எல்லாம் உடைக்கானுவ. தமிழ் எழுத்தக் கண்டா வீடும் தப்பல. அதான் போர்டையெல்லாம் கழட்டிக்கிட்டே வாரேன். உங்க ஸ்டார்லயும் எழுதிருக்கு.

— ‘ஞானமுத்து குடும்பம், நாசரேத், கிறிஸ்மஸ் 1968’. எங்கப்பாதான் எழுதினாவ. மூங்கி சீவி, தாள் ஒட்டி, நாலு நாளாச்சு. கிழிச்சிராதீங்க.

— கிழிக்கல, முழுசாத்தான் எடுக்கேன். உன்ன யாரு உள்ள வச்சுப் பூட்டுனா?

— வேணும்னு பூட்டல. கிறிஸ்மஸ் பண்டியலுக்கு எல்லாரும் ஊருக்குப் போறோம். விடியக்காலம் கேரல் பாடிட்டு வந்து நான் பரண்ல படுத்துட்டேன். ரயிலுக்குப் போக ரெண்டு டாக்சி. எங்கப்பா தலைய எண்ணித்தான் ஏத்துவாவ. வழியனுப்ப வந்த சித்தி மவளையும் சேத்து எண்ணிருப்பாவ. கேரலுக்குன்னு எங்க எல்லாருக்கும் ஒரே துணில வெள்ளக் கவுன். பின்னால இருந்து பாத்தா அவளும் எஸ்தர் மாதிரியே இருப்பா.

— நீ எஸ்தரா?

— ஐயோ, சொல்லிட்டேனே.

— சொன்னா ஒண்ணுமில்ல. என்ன மாமான்னே கூப்பிடு.

— மாமா, பூட்ட உடைச்சு என்னைய வெளிய எடுங்க. பயமாருக்கு.

— கல்லெடுத்துட்டேன், மக்ளே. ஓங்கவும் செஞ்சேன். ஆனா கேட்டியா, பூட்டு தொங்குற வரைக்கும் இது காலி வீடு. உடைச்சா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிரும். உன்னத் தூக்கிட்டு ஓடலாம்னா இது முட்டுச்சந்து. வழி ஒண்ணுதான். அதுலதான் வாரானுவ.

— அப்ப நீங்க எங்க ஒளிவீங்க?

— அதான் தெரியல. எனக்கும் பயந்தான்.

— ஸ்டாரைத் தூரப் போட்டுட்டு ஓடிருங்க.

— கையில வச்சிருக்கத சந்து முனையில இருந்து அவனுவள்ல ஒருத்தன் பாத்துட்டான். இங்கன போட்டா இந்த வீட்டத்தான் உடைப்பானுவ. மக்ளே, உனக்கு இந்தி வருமா?

— நல்லா வரும். வெளையாடும்போது அதான் பேசுவோம்.

— நான் வந்து மூணு மாசந்தான் ஆச்சு. ‘என்னுது’ன்னா எப்படிச் சொல்லணும்?

— மேரா. ‘கிஸ்கா ஹை’, யாருதுன்னு கேட்டா, மேரான்னு சொல்லணும். எதுக்கு மாமா?

— மேரா. மேரா. சரி. நீ பரண்ல ஏறிப் படு. என்ன சத்தம் கேட்டாலும் வாயத் தொறக்கப்படாது. அடுத்த ஸ்டேஷன்ல ஆளெண்ணிட்டு உங்கப்பா ஓடி வந்துருவாவ.

— மாமா, போவாதீங்க. ஆள் ஓடி வார சத்தம் கேக்கு.

— உஷ். நான் எதிர போறேன்.

— ஏய் மதராசி, ருக்கோ. ஹாத் மே யே ஸ்டார் கிஸ்கா ஹை?

— மேரா.