‘எங்கள் பிழை’ என்று எழுதிய புழு டாக்டர்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியரின் கணவர் அவர்களே, மகளே, மந்தையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் ஆடு வளர்ப்போரே, ஆய்வக நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் பேராசிரியர் அம்மையாரை இந்த அரங்கில் பாதிப் பேர் ‘மேடம்’ என்றோம். மீதிப் பேர் ‘புழு டாக்டர்’ என்றீர்கள். இரண்டாவது பெயர்தான் அவருக்குப் பிடித்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து நுண்ணோக்கியில் உட்கார்ந்தவன் நான். அழுவதற்காக இங்கே வரவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்க வந்திருக்கிறேன்.

ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் நூல் போன்ற புழுவை உங்களுக்குத் தெரியும். ஒரே மருந்தில் சில புழுக்கள் சாகின்றன, சில தப்பிவிடுகின்றன. ஏன்? இரண்டு வகையின் மரபணுக்களையும் முழுதாகப் படித்து ஒப்பிட்டு, தப்பிக்க வைக்கும் மரபணுவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தோம். எந்த மந்தைக்கு எந்த மருந்து என்று சொல்ல ஒரு சோதனையும் அமைத்தோம். பாராட்டு குவிந்தது. இரண்டே ஆண்டுகளில், நாங்கள் சொன்ன மருந்தைக் கொடுத்தும் குட்டிகள் செத்தன.

அம்மையார் பழைய தாள்களை எல்லாம் மேசையில் பரப்பினார். மூன்றாம் நாள் என்னை அழைத்தார்.

“தப்பிச்ச புழு எல்லாம் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கே. நாலு மந்தையிலயும் எப்படி ஒரே குடும்பம்?”

நண்பர்களே, அந்தக் கேள்விக்கான பதில் உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். தப்பிய புழுக்களை நான்கு மந்தைகளிலிருந்து எடுத்து வரச் சொல்லி அனுப்பப்பட்டவன் நான். மழையில் பாதை மூழ்கியிருந்தது. சாலையோரத்து மந்தை ஒன்றிலேயே எல்லாவற்றையும் எடுத்து, நான்கு பாட்டிலில் நான்கு மந்தைகளின் பெயரை எழுதினேன். நாங்கள் கண்டது மருந்தை வெல்லும் மரபணு அல்ல. ஒரு மந்தைப் புழுக்களின் குடும்ப அடையாளம்.

அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது மேடம்.”

“சரி. நாளைக்கு எல்லாருக்கும் தெரியணும்.”

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் நடந்ததை எழுதி, ‘இது எங்கள் பிழை’ என்று முடித்தார். என் பெயரை எழுதச் சொன்னேன். “ஒரே குடும்பம்னு ரெண்டு வருஷமா கவனிக்காம விட்டது யாரு? நான்தானே? அப்ப ‘எங்கள்’தான்” என்றார். ஒருமுறை கேட்டேன். மறுமுறை கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒன்பது ஆண்டுகள் ஒளிந்துகொண்டேன். பழி அவர் மேல் விழுந்தது. துறைத் தலைவர் பதவி கைநழுவியது. அவர் வாய் திறந்தாரா? இல்லை. நான் திறந்தேனா? அதுவும் இல்லை.

பண்ணை பண்ணையாகப் போய் மன்னிப்புக் கேட்டார். ஏழு குட்டிகளை இழந்த ஓர் அம்மா இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அன்று அவர் கேட்டார்: “தப்புன்னு சொல்றதுக்கா டாக்டரம்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“போன்ல சொன்னா நீங்க திட்ட முடியாதுல்ல.”

அந்த அம்மா திட்டவில்லை. அடுத்த ஆய்வுக்குத் தன் மந்தையைக் கொடுத்தார்.

மறுபடி தொடங்கினோம். இம்முறை பதினோரு மந்தைகள். எல்லாவற்றுக்கும் அவரே கூட வந்தார், முட்டி வலியோடு. ஆறு ஆண்டுகளில் வேறொரு மரபணு கிடைத்தது. வெளியிட்டோம். ஆனால் ஒருமுறை சூடுபட்டவர்கள் ஆயிற்றே. வேறு யாராவது சரிபார்த்துச் சொல்லும்வரை அவர் நிம்மதியாக இருக்கவில்லை.

சென்ற மாதம் அந்தக் கடிதம் வந்தது. எங்களோடு தொடர்பே இல்லாத ஆய்வகம், அவர்களுடைய ஆடுகள், அதே மரபணு. மருத்துவமனைக் கட்டிலருகே நின்று படித்துக் காட்டினேன்.

“எத்தனை மந்தைல எடுத்தாங்களாம்?”

“பதினாலு மேடம். எல்லாம் வேற வேற இடம்.”

“அப்பாடா” என்றார். கண்ணை மூடினார். அவ்வளவு வலியிலும் அன்று மாலைவரை அம்மா அசந்து தூங்கியதாக மகள் சொன்னார். அடுத்த வாரம் போய்விட்டார். தெரிந்துகொண்டு போனார். நமக்கு அது போதும்.

இன்று நானும் சொல்லிவிட்டேன். நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கி வைத்ததுபோல் இருக்கிறது. பாட்டிலில் பெயர் எழுதியவன் நான். இயக்குநர் அவர்கள் எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

புழு டாக்டரின் பணியை நாங்கள் தொடர்வோம். அதை மேடையில் சொன்னால் மட்டும் ஆயிற்றா? புதிய சோதனையை நாளை முதல் மந்தைகளுக்குக் கொண்டுபோகிறோம். மலையடிவாரப் பண்ணையில் தொடக்கம். வண்டி காலை ஏழு மணிக்கு ஆய்வக வாசலிலிருந்து கிளம்பும். வருகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். அங்கே சேறு அதிகம்.