மஸ்தூராவின் மூன்று மருந்துகள்

ரொட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டீர்கள் டாக்டர், பெரியவர்கள் பாவம் என்பார்கள். பரவாயில்லை, நானே திருப்பி வைக்கிறேன். காலையில் சுட்டது, கோகந்திலிருந்து தாஷ்கந்து வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நாளைக்கு என் மருமகள் மஸ்தூராவின் தலையைத் திறந்து மூளைக்குள் மின்கம்பி வைக்கப் போகிறீர்கள். அதற்கு முன் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் மஹல்லாத் தெருக்களில் பெண் பார்க்கப் போனால் பெண்ணின் முகத்தை அப்புறம்தான் பார்ப்போம். கை கழுவுகிற சாக்கில் கொல்லைப் பக்கம் போய்க் கழிப்பறையைப் பார்ப்போம். தேநீர்க் கெண்டியைத் தூக்கி அடியில் கரி இருக்கிறதா என்று பார்ப்போம். எனக்குத் தேநீர் ஊற்றுவதற்கு முன் மஸ்தூரா அந்தக் கிண்ணத்தை ஏழு முறை அலசினாள். "என்ன அண்ணி இது, கிண்ணத்துல வெஷமா வச்சிருந்தாங்க?" என்று என் நாத்தனார் என் காதைக் கடித்தாள். நான் அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் விடியும் முன்பே எழுந்து முற்றத்தையும் வாசல் தெருவையும் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். எந்த மருமகளும் செய்கிற வேலைதான். ஆனால் இவள் பக்கத்து வீட்டு வாசலையும் பெருக்கினாள், பிறகு திரும்பி வந்து எங்கள் வாசலை இன்னொரு முறை பெருக்கினாள். நான் மருமகளாக இருந்த இருபது வருடத்தில் என் மாமியார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. இப்போது ஊரே என் பேரைச் சொல்லி, "ஹோசியத் அக்கா வீடு மாதிரி இருக்கணும்" என்று தங்கள் பெண்களுக்குச் சொன்னது. அதற்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

கைத்தோல் வெடித்து ரத்தம் வந்ததும் என் மகன் போதிர் பதறிப்போய் அவளை உங்களிடம் அழைத்து வந்தான். நீங்கள் மூளைப் படத்தைக் காட்டி விளக்கினீர்கள். விளையாட்டில் ஜெயித்தாலோ பிடித்ததைத் தின்றாலோ மற்றவர்களுக்கு விழித்துக்கொள்கிற ஓர் இடம் இவளுக்கு மந்தமாக இருக்கிறது என்றீர்கள். கழுவி முடித்ததும் ஒரு நொடி ஆறுதல் வருகிறது, அது நிலைப்பதில்லை, அதைத் தேடித்தான் திரும்பவும் கழுவுகிறாள் என்றீர்கள். நான் கவனமாகக் கேட்டேன். வேறு எதிலும் சுகம் காணாதவளுக்கு இருக்கிற ஒரே சுகத்தையும் பிடுங்கத்தானா மாத்திரை எழுதுகிறீர்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போதும் அது தணியவில்லை.

உங்கள் முதல் மருந்து நான்கு மாதத்தில் வேலை செய்தது. ஆகஸ்டில் ஒரு நாள் நான் கடைத்தெருவிலிருந்து வந்தபோது, மஸ்தூரா முற்றத்துக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு போதிரோடு முலாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். தோல் பக்கத்திலேயே கிடந்தது. ஈ மொய்த்தது.

"எடுத்துப் போடும்மா," என்றேன்.

"போடறேன் அம்மா, அது எங்க ஓடிப் போகுது? நீங்க உக்காருங்க, ஒரு துண்டு சாப்பிடுங்க. தேன் மாதிரி இருக்கு," என்று சிரித்தாள்.

போதிரும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் எதிர்வீட்டு ஸுமரத் என்னைத் தெருவில் நிறுத்தி, "மருமகளுக்குக் கை சுளுக்கா அக்கா? வாசல்ல எலையெல்லாம் அப்படியே கெடக்குதே," என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காலைத் தேநீரோடு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அன்றிலிருந்து அந்தக் குப்பியில் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் போட்டு வைத்தேன். அது எலும்புக்கு நல்லது. நீங்கள் இரண்டாவது மருந்து எழுதினீர்கள், பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒன்றைத் தேடிப் பிடிக்க மருந்துக் கடைகளில் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

மறுபடி கழுவ ஆரம்பித்தாள். சில நாள் சுணங்கினால், "கோழி அறுத்த கத்திய இந்த விரிப்புலயா வச்சேன்?" என்று கேட்பேன். பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். ஜனவரியில் பத்து மணி நேரம் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். மூன்று மாதக் கரு கலைந்தது குளிரால்தான் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க ஒரு நாள் தவறாம மாத்திர குடுத்தீங்கம்மா. எனக்குத்தான் ஏறல. தலையத் தொறந்தாவது இத எடுத்துறச் சொல்லுங்க," என்றாள். மூன்று மருந்தும் தோற்றுவிட்டதால் கம்பி ஒன்றுதான் வழி என்று நீங்களும் எழுதினீர்கள்.

அது தப்பு. எந்த மருந்தும் தோற்கவில்லை. முதல் மருந்தை நான் நிறுத்தினேன். மற்ற இரண்டும் அவள் வாய்க்குள் போகவே இல்லை. இதோ, மூன்றையும் இந்தத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், எண்ணிப் பாருங்கள்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். மனசாட்சி உறுத்தி நான் இங்கே வரவில்லை. மாத்திரை என்றால் என் கை வழியாகத்தான் அவளுக்குப் போகும். நீங்கள் வைக்கப் போகும் கம்பி என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். அது வேலை செய்துவிட்டால் அவள் காலத்துக்கும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். எல்லோரையும் விட அவளை அறிந்தவள் நான். அவள் அதைத் தாங்க மாட்டாள்.

எனவே கத்தி வேண்டாம் டாக்டர். பழைய மருந்தையே எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, வீடு முழுக்கக் கழுவ வேண்டும்; அவளை இன்றைக்கே என்னோடு அனுப்பிவிடுங்கள்.