ஷிப்ட் முடிந்து வரும்வரை

"சக்கரை எனக்கு. அந்த டயட்டீசியன் பொண்ணு உங்க ஷிப்ட் நேரத்த எதுக்குக் கேட்டுச்சு?"

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா தன் கணவரிடம் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். கணவர் சிமெண்ட் ஆலைச் சட்டை போட்டிருந்தார்.

"நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் நீ சாப்புடாம இருக்கறத நாந்தான் சொன்னேன். மாத்திரைய மட்டும் நேரத்துக்குப் போட்டுக்கற. அதான் மயங்கி வுழுவுறியாம்."

"சோத்தக் கொறைக்கச் சொல்லும்னு நெனச்சேன்."

"அது அப்பறமாம். மொதல்ல நேரத்துக்குச் சாப்புடணுமாம்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்களுக்கு முன்னாடி சாப்பிட்டதில்லங்க."

"இனிமே எட்டு மணிக்கே சாப்புட்டுப் படு. நான் வந்து போட்டுத் தின்னுக்கறேன்."

"போட்டுத் தின்னுக்குவீங்க. கொழம்பு எங்க இருக்கும், தட்டு எங்க இருக்கும், தெரியுமா?"

ஆலையின் புகைபோக்கி கண்ணில் பட்டது. கணவர், மனைவியின் மடியிலிருந்த மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எறங்கு. போனதும் எதெது எங்க இருக்குன்னு காட்டு."