பத்து மணிக் கையெழுத்து

டீ வேண்டாம் ஐயா, குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வெளியில் டீ குடித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. ருசி பிடிக்காமல் இல்லை. திண்டிவனத்தில் எங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே குப்பம்மாள் என்று ஒருத்தி கடை வைத்திருக்கிறாள். காக்கிச் சட்டை போட்டவனிடம் அவள் காசு கேட்க மாட்டாள். கேட்டால் மறுநாள் கடை பெஞ்சு ரோட்டில் கிடக்கும், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கேஸ் வரும். புருஷன் இல்லாதவள் ஊதுகிற அடுப்பில் பத்துப் போலீஸ்காரன் ஓசி டீ குடிக்கிறான். பிச்சை எடுத்தாராம் பெருமாளு, பிடுங்கித் தின்றாராம் அனுமாரு என்பார்களே, அந்தக் கதைதான். நான் காசை நீட்டினேன். அவள் பயந்துபோய் வாங்க மாட்டேன் என்றாள். அன்றோடு டீயை விட்டுவிட்டேன்.

என் பெயர் வேங்கடேசன். ரைட்டர் ஏட்டு. ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் பொது நாட்குறிப்பில் எழுதுவது என் வேலை. யார் வந்தார், எத்தனை மணிக்கு, எதற்காக, எப்போது போனார், எல்லாம் அதில் இருக்கும். இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் நான் ஒரு பொய் எழுதியதில்லை. யாரிடமும் ஒரு வெற்றிலை வாங்கியதில்லை. மரக்காணத்தில் என் மச்சான் சாராயம் காய்ச்சுகிறான் என்று தெரிந்தபோது தகவல் கொடுத்தது நான்தான். அவனுக்கு ஆறு மாதம் உள்ளே. என் வீட்டுக்காரி அஞ்சம்மாள் அன்றைக்குத் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு போனவள், பதினொரு வருஷமாகத் திரும்பவில்லை. போகும்போது வாசலில் நின்று, "உன் நேர்மைய நீயே ஆக்கித் துன்னுக்கினு இரு" என்றாள்.

ஆக்கித் தின்றுகொண்டுதான் இருக்கிறேன். விடியற்காலையில் எழுந்து கேப்பைக் களி கிண்டி, மல்லாட்டைக் கடலையை வறுத்துத் துவையல் அரைத்து, தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு வருவேன். ஸ்டேஷனில் என்னோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வருத்தம் இருந்தது ஐயா. பின்னறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தனியாகத் தூக்கைத் திறப்பது லேசான காரியமில்லை.

எண்பத்து மூன்றில் கண்ணையன் எங்கள் ஸ்டேஷனுக்குக் கான்ஸ்டபிளாக வந்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். முப்பது வயதிருக்கும். வந்த முதல் நாளே என் மேஜைக்கு எதிரில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணே, களியா? எங்க வூட்லயும் அதாண்ணே. ரெண்டு உருண்ட இருந்தா ஒண்ணு தள்ளுங்க" என்றான். எல்லோருக்கும் நான் ஏட்டய்யா. அவனுக்கு மட்டும் அண்ணன். என்னோடு சேர வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு பேருக்குக் களி கிண்ட ஆரம்பித்தேன்.

அவனும் கை நீட்டாதவன்தான். மூன்று வருஷம் பார்த்தேன், ஒரு பீடி வாங்கிப் பிடித்ததில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இவன் நக்கவில்லை.

அவன் மனைவி வீரம்மாளுக்கு இருதயத்தில் கோளாறு. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் பெண் குழந்தைகள். அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. அவள் அம்மா வீடு திருவெண்ணெய்நல்லூரில். விழுப்புரத்துக்கு மாற்றல் கிடைத்தால் அந்த அம்மாளைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், வீராளைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று கண்ணையன் நம்பினான். அவனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மாற்றல் மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான். கிடைக்காது என்று நினைத்துத்தான் எழுதினேன். எண்பத்தாறு செப்டம்பரில் ஆர்டர் வந்துவிட்டது.

சனிக்கிழமை அவனை விடுவிக்க வேண்டும். திங்கட்கிழமை ஆர்டரை நான் படித்துச் சொன்னபோது அவன் அழுதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கதாண்ணே தனியா சாப்புடணும். லீவுல வந்துருவேன், பஸ்ஸு ஏறுனா ஒரு மணி நேரந்தான்" என்றான். நான் சந்தோஷம் என்று சொன்னேன். மாற்றலில் போனவன் எவனும் திரும்பி வந்து பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு விபத்து வழக்கு இருந்தது. கூட்டேரிப்பட்டில் ஒரு லாரி மாட்டுவண்டியை அடித்து, வண்டிக்காரர் மாயவன் அங்கேயே போய்விட்டார். லாரி ஓட்டியது அதன் முதலாளி விருத்தாசலம் என்பவரின் மகன். அதை நேரில் பார்த்த ஒரே ஆள், அன்று அங்கே ட்யூட்டியில் நின்ற கண்ணையன். வியாழக்கிழமை சாயங்காலம் விருத்தாசலம் அவனை வழியில் நிறுத்தி, சட்டைப் பையில் ஒரு தங்க மோதிரத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கண்ணையன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, தப்பு நடந்து போச்சு. துரத்திக்கினு போய்த் திருப்பிக் குடுத்துருக்கணும். குடுக்கல. வீராளுக்கு ஆப்பரேசன் சொல்லியிருக்காங்களே, அத நெனச்சிட்டேன். ராப்பூரா தூக்கமில்ல. டைரில எழுதிடுங்க. எனக்கு இன்னா வந்தாலும் பரவால்ல."

விதிப்படி நான் அந்த நிமிஷமே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் மோதிரம் ஒப்படைக்கப்பட்டிருக்கும், விருத்தாசலம் மேல் இன்னொரு வழக்கு ஏறியிருக்கும், ஒரு ராத்திரி தாமதித்ததற்காகக் கண்ணையனுக்கு ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். மறுநாள் அவன் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறியிருப்பான். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"இன்ஸ்பெக்டர் ஐயா கேம்ப் போயிருக்காரு. சாயங்காலம் வந்துருவாரு. அதுவரைக்கும் உன் பெட்டியில வச்சிப் பூட்டு. வந்ததும் எழுதிக்கலாம்" என்றேன்.

"நீங்க இருக்கறதால பயமில்லண்ணே" என்று சொல்லி மோதிரத்தைக் கொண்டுபோய்த் தன் தகரப் பெட்டியில் வைத்தான். கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பெட்டி பின்னறையில் வைத்திருப்பார்கள். பூட்டிவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு, என்னோடு களி சாப்பிட்டான். அன்றைக்குத் துவையலில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அதையும் சொல்லிச் சிரித்தான்.

சாப்பிட்டு முடித்த பிறகு மேலிடத்துக்கு டெலிபோன் செய்தேன். கான்ஸ்டபிள் கண்ணையன் பெட்டியில் ஒரு மோதிரம் இருக்கிறது, அது அவனுடையது இல்லை என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை, கவனியுங்கள். மூன்று மணிக்கு ஜீப் வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். ஒரு ராத்திரி அந்த மோதிரம் அவன் வீட்டில் இருந்தது. ஒரு ராத்திரி அவன் யோசித்தான். யோசித்தவன் ஒருநாள் வாங்குவான். புது ஸ்டேஷனுக்குப் போய் அங்கே கெடுவதைவிட இங்கேயே தெரிந்துபோவது இலாகாவுக்கு நல்லது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ரொம்ப நாள் அது போதுமானதாக இருந்தது.

விசாரணையில் கண்ணையன், ரைட்டர் அண்ணனிடம் காலையிலேயே சொன்னேன் என்றான். அதற்குமேல் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தான். விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பி, "டைரியில பதிவு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேங்கடேசன் டைரியில இல்லன்னா அது நடக்கல" என்று சொல்லி அவர் பேனாவை மூடினார். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. விருத்தாசலம் மோதிரத்தைப் பார்த்ததே இல்லை என்றார். கண்ணையன் சாட்சி செல்லாமல் போனதில் அவர் மகனும் தப்பித்துக்கொண்டான்.

சஸ்பெண்ட் ஆனவன் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாற்றல் ஆர்டரும் ரத்து. கையெழுத்து நோட்டு ரைட்டர் மேஜையில் இருக்கும். இந்த விதியை நான் உண்டாக்கவில்லை.

முதல் நாள் அவன் வந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். "உக்காரு கண்ணையா" என்றேன்.

"வேணாங்க ஏட்டய்யா" என்றான்.

அதுதான் அவன் என்னை முதல்முறையாக ஏட்டய்யா என்றது. ஆனாலும் மனிதன் பழகிவிடுவான், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உட்காருவான் என்று இருந்தேன். இரண்டு பேருக்குக் களி கிண்டுவதை நிறுத்தவில்லை. அவன் வருவான், குனிந்து கையெழுத்துப் போடுவான், போய்விடுவான். முப்பது நொடி ஆகும். அந்த முப்பது நொடிக்காக நான் காலையில் சவரம் செய்துகொள்வேன்.

வீரம்மாளை அவள் அம்மா வந்து ஊருக்கு அழைத்துப்போனாள். ஆப்பரேஷனுக்கு ஓடியாட ஆள் இல்லை, அது தள்ளிக்கொண்டே போயிற்று. தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்கு வந்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றான்.

"ஏட்டய்யா, வீராளுக்கு ரொம்ப முடியலன்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். ரெண்டு நாளைக்கு நான் வந்ததா எழுதிக்கினீங்கன்னா ஜல்தியா போய்ப் பாத்துட்டு வந்துருவேன். உங்க கால்ல வுழறேன்."

வராதவனை வந்ததாக எழுதுவது பொய். நான் எழுதினதில்லை என்றேன். சொல்லாமல் போனால் வேலை போனாலும் போகும், இரண்டு பெண் குழந்தைகள் இருக்கின்றன என்று எச்சரித்தேன். அதுவும் உண்மை. வெளியூர் போக அனுமதி கேட்டு மனு எழுதச் சொல்லி வாங்கி, இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தேன். அவர் செஞ்சிப் பக்கம் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். டெலிபோனில் கேட்டு அனுமதி வாங்கியிருக்கலாம். முன்பு நான் பேசிய அதே டெலிபோன்தான், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மனு உரிய வழியில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய் வந்து கையெழுத்துப் போட்டான். புதன் வந்து கையெழுத்துப் போட்டான். புதன் மத்தியானம் வீரம்மாள் இறந்துவிட்டாள். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து கையெழுத்திட்டார். அனுமதி வழங்கப்பட்டது என்று நானே நல்ல கையெழுத்தில் எழுதிக் கண்ணையனிடம் கொடுத்தேன்.

காரியம் முடிந்து வந்தபோது இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் குனிந்து எழுதும்போது சின்னவள் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தூக்கைத் திறந்து அவளுக்கு ஓர் உருண்டை எடுத்தேன். கண்ணையன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலையில் டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது. அதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதும் நான்தான். டிஸ்மிஸ் ஆனவன் தினம் வர வேண்டியதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருபத்தேழு நாள் ஆகிறது ஐயா. பத்து மணிக்கு நான் வாசலைப் பார்ப்பேன். குப்பம்மாள் கடையில் பாய்லர் தெரியும், வேறு யாரும் இல்லை. அதனால்தான் திண்டிவனத்தில் பஸ் ஏறி, இங்கே விழுப்புரத்துக்கு, அப்பீலைக் கேட்கிற அதிகாரி என்று உங்களைத் தேடி வந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை டெலிபோனை எடுப்பதற்கு முன்னால் விதிப் புத்தகத்தைத் திறந்து, சஸ்பெண்ட் ஆனவன் எங்கே இருக்க வேண்டும், யாரிடம் தினம் கையெழுத்துப் போட வேண்டும் என்ற பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். படித்த பிறகுதான் பேசினேன். இதை எந்த நாட்குறிப்பிலும் எழுதவில்லை.

கண்ணையன் மேல் தப்பில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனை மறுபடி வேலையில் எடுத்துவிடுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அவன் விழுப்புரம் கேட்டது வீரம்மாளுக்காக, அந்தக் காரணம் இப்போது இல்லை. எங்கள் ஸ்டேஷனுக்கே போடுங்கள். என்னைச் சஸ்பெண்ட் செய்தால் நானும் பத்து மணிக்கு அங்கே கையெழுத்துப் போட வர வேண்டியவன்தான். அந்த நோட்டை அவன் பொறுப்பில் கொடுத்தால் நல்லது. களி நான் கொண்டுவந்துவிடுவேன். குழந்தைகள் இரண்டும் பாட்டி வீட்டில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அவனும் இப்போது தனியாகத்தானே சாப்பிட வேண்டியிருக்கும்.