செல் அடிக்குது

தரையில் கிடக்கிறேன். சிமெண்டுத் தரை. வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். செல் விழும்போது வாய் மூடியிருந்தால் காது கிழிந்துவிடும். என் வலது கை மகளின் பிடரியை அமுக்குகிறது.

"குப்புறப் படு! படுடீ!" கத்துவது நான்தான்.

அப்போது அங்கே இருந்தவர்கள்: நான். என் மகள் சுகந்தி. மேசைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் எழுத்தர். பட்டாவுக்கு வந்த மார்க்கையன்கோட்டை விவசாயி. வாசலில் அவருடைய மைத்துனர். அவ்வளவுதான். ராணுவம் இல்லை. இது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு அரசு அலுவலகம்.

விவசாயி வாசலைப் பார்த்துக் கத்தியது இதுதான்: "ஏலே மாப்ளே! செல் அடிக்குதுடா!"

இந்த ஊரில் செல் என்றால் கைபேசி. அடிப்பது அதன் மணி. அகதி முகாமுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. தலைக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியாது.

இலங்கையின் வடக்கே, வன்னியில், செல் என்றால் எறிகணை, பீரங்கிக் குண்டு. முதலில் தூரத்தில் 'டும்'. பிறகு விசில். விசில் கேட்டுக்கொண்டே இருந்தால் தாண்டிப் போகிறது. சட்டென்று நின்றால் நமக்குத்தான். அன்றைக்கு நின்றது. அப்பா ஓடிக்கொண்டிருந்தார். தம்பி அவர் தோளில். நான் படுத்திருந்தேன். எழுந்தபோது நான் மட்டும்தான் எழுந்தேன். ஐந்தாம் வகுப்போடு படகேறியவள் நான்.

சுகந்தி முகாமில் வளர்ந்தவள். நர்சிங் முடித்துவிட்டாள். ஒரு ஆஸ்பத்திரி வேலை தருகிறது. எந்த நாட்டுக்காரி என்று மட்டும் கேட்கிறது. அவளுடைய குடியுரிமை மனுவுக்கு இன்று விசாரணை. நல்லபடி முடிந்தால் ஆஸ்பத்திரியில் காத்திருப்பார்கள். இல்லாவிட்டால் வேறு ஆள். எதையாவது பிழையாகப் பேசிவிடுவேனோ என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பேசவில்லை. விழுந்துவிட்டேன்.

எழுத்தர் சிரிக்கிறார். விவசாயி ஓடி வருகிறார். "ஆத்தா, அது போனு ஆத்தா! எந்திரிங்க. என் வாயில மண்ண போட!" அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. சுகந்தியைப் பார்க்கிறார்.

"நீ கம்பத்துல பொறந்தவ. எந்தச் செல்லப் பாத்த? எதுக்குப் படுத்த? மனசு இன்னும் அங்கனதான இருக்கு?"

"எங்கம்மா அமுக்குச்சு, விழுந்தேன். இங்கன விட்டா எனக்கு எங்கன சார் தெரியும்?"

விவசாயி விடவில்லை. "பிள்ள நம்ம ஊருப் பேச்சுல்ல சார் பேசுது!"

"பேச்சு ஆதாரமாய்யா? நீ ஒம் பட்டாவப் பாரு."

எந்த நாட்டவர் என்ற இடத்தில் அதிகாரி 'இலங்கை' என்று எழுதினார். பரிந்துரை இல்லை என்றார். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

இலங்கையாம்! என் தாத்தா குச்சனூர்க்காரர். வெள்ளைக்காரர்கள் தேயிலை பறிக்க இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். சுதந்திரம் வந்ததும், நீ இந்தியன் என்று அந்த நாடு குடியுரிமையைப் பிடுங்கியது. கலவரத்தில் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டினார்கள். வன்னிக்கு ஓடினோம். வன்னியிலிருந்து இங்கே. குச்சனூருக்கு இந்த அலுவலக வாசலிலிருந்தே பஸ் போகிறது. சுகந்தி பிறந்ததை அந்த நாட்டில் எவரும் பதியவில்லை. அவள் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

போன மாதம் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்து ஆட்கள் முகாமுக்கு வந்தார்கள். நாடற்றவர் என்று உலகத்தில் ஒருவரும் இருக்கக் கூடாதாம். நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். கைதட்டினோம். நான் கேட்டேன்: "நம்ம ரெண்டு நாடும் கையெழுத்து வச்சிருக்கா?" பேச வந்த பெண் தண்ணீர் குடித்தாள். "இன்னும் இல்லம்மா."

வெளியே வருகிறோம். சுகந்தியின் கைபேசி அடிக்கிறது. ஆஸ்பத்திரி. அவள் எடுக்கவில்லை. அடித்து, நின்றது.

போனவை. அப்பா. தம்பி. தோட்டத்து வீடு ஒன்று, வன்னி வீடு ஒன்று. என் பள்ளிக்கூடம். என் மகளின் வேலை. நாட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பறிகொடுக்க அது ஒருநாளாவது எங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.