இடது கைப் பெருவிரல்

நாவல் விற்பதற்கு ரயிலடியைவிட பஸ் நிற்கும் இடம்தான் நல்லது. ரயிலுக்கு வருகிறவர்களுக்குக் கண் ஒன்று மூட்டைமேல், காது ஒன்று மணிமேல். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அப்படியில்லை. யுத்த காலத்தில் கரிவாயு பஸ்கள் அரியலூரில் கிளம்புவதற்கு முன் முக்கால் மணி நேரம் அடுப்பு மூட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் ஒருவரிடம் பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். மீதிக்குப் புத்தகத்தை நீட்ட வேண்டும். சனி, ஞாயிறுகளில் நான் அப்படித்தான் விற்றேன்.

இது உங்களுக்கு வேண்டாத விஷயம் என்று தெரியும், ஐயா. நீங்கள் தபால் இலாகாவிலிருந்து மூன்று கடிதங்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரிசையாகச் சொல்ல வருகிறது.

என் பெயரும் ஊரும் உங்கள் காகிதத்தில் இருக்கின்றன. எலிமெண்டரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளிக்கூடத்தின் முன் அறையே தபாலாபீஸ். அதற்கும் நானே பொறுப்பு. மூன்று மணிக்கு ரன்னர் ஜெயங்கொண்டத்திலிருந்து பையைக் கொண்டுவருவான். பிரித்து, வந்திருக்கிறவர்களுக்குக் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டுவேன். பதினாறு வருஷத்தில் ஒரு கார்டுகூடத் தவறியதில்லை. அந்த மூன்றைத் தவிர.

நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் என் முதல் நாவல், ‘சுகுணவதியின் சூளுரை’, வெளிவந்தது. போடுவதற்கு யாரும் முன்வராததால் நானே கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் ஐந்நூறு பிரதி போட்டேன். யுத்தக் காகிதம், சாணி நிறம். பக்கத்தைத் திருப்பினால் ஓரம் உதிரும். நோட்டீஸ் அடித்து உடையார்பாளையத்திலும் பெரம்பலூரிலும் சந்தைக்குச் சந்தை கொடுத்தேன். சென்னைப் பத்திரிகைகளுக்கு மதிப்புரைக்கு அனுப்பினேன். வெவ்வேறு பெயர்களில் நானே வாசகர் கடிதங்கள் எழுதி, வெவ்வேறு ஊர்களில் போய்ப் போட்டேன். ‘பூலாம்பாடி வாசகி ஒருத்தி’ என்றுகூட ஒரு கடிதம் எழுதினேன். அது வெட்கக்கேடு. இன்றைக்கும் நினைத்தால் முகம் சூடாகிறது.

ஒரே ஒரு பத்திரிகை நான்கு வரி எழுதியது. ‘அச்சுப் பிழைகள் குறைவு. பாத்திரங்களுக்கு உயிர் இல்லை. ஆசிரியர் தம்மைச் சுற்றியுள்ள வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்து எழுதினால் அடுத்த நாவல் நன்றாக அமையலாம்.’ அதை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பூங்காவனத்தைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அவளை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆபீசுக்கு வந்தவள்தான். அவள் புருஷன் கண்ணையன், கல்யாணமான மறு வருஷமே மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவன். நாற்பத்தொன்று கார்த்திகை வரைக்கும் அவனுடைய கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். ஜப்பான்காரன் வந்த பிறகு தபால் நின்றுபோயிற்று. ஆனாலும் அவள் தினமும் மூன்று மணிக்கு வந்துவிடுவாள். வயல் சேறு காலில் இருக்கும். வாசற்படியில் இரண்டு காலையும் தேய்த்துவிட்டுத்தான், “வாத்தியாரே, அக்கரையிலேருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா?” என்பாள். இல்லை என்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பார்ப்பாள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டேன். இரண்டாவது நாவல் அவள்தான். பதினோரு அத்தியாயம் தண்ணீர்போல ஓடியது.

ஆடி மாதம் அரியலூரில் ஒரு வாசகசாலையில் என் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். முப்பது பேர் இருப்பார்கள். சுகுணவதியைப் பற்றி நான் பேசிய அரை மணியில் பாதிப் பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சும்மா, அடுத்து எழுதப்போவது இது என்று, பெயரைச் சொல்லாமல் பூங்காவனத்தைப் பற்றிச் சொன்னேன். விசிறிகள் நின்றுவிட்டன. முன் வரிசையில் இருந்த வக்கீல் குமாஸ்தா இராமலிங்கம் எழுந்து, “அந்தப் பொண்ணு கடைசீல என்னங்க ஆனா?” என்று கேட்டார்.

அன்றைக்கு இருபத்து மூன்று பிரதி போயிற்று. அது சுகுணவதிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் போன இடமெல்லாம் முதல் நாவலை விற்க இரண்டாவதைச் சொன்னேன். எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாம் அத்தியாயம் எழுதவே வரவில்லை. வாரக்கணக்கில் ஒரே பக்கத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். அவள் வந்து கேட்பதும் நான் இல்லை என்பதுமே நடந்துகொண்டிருந்தால் கதை எங்கே நகரும்?

அந்தக் கார்த்திகையில் முதல் கடிதம் வந்தது.

பையில் முதலாவதாக அதுதான் கிடந்தது. தணிக்கை முத்திரை, மலேயாத் தபால்தலை, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் கையெழுத்து. அவள் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எப்படியும் நான்தானே படிக்கப்போகிறேன் என்று பிரித்துவிட்டேன். சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்களாம். கூடப் போனவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், எனக்குக் கால் ஒன்று வளைந்துவிட்டது, உயிரோடு இருக்கிறேன், கப்பல் கிடைத்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, ஐயா. பொய் சொல்லவில்லை. ஆனால் நாவல் முடிந்துவிட்டதே என்றும் தோன்றியது. கடிதம் வந்தது, அவள் சிரித்தாள், சுபம். அதை எழுத அரைப் பக்கம் போதும். அரியலூரில் அதைக் கேட்டால் மறுபடியும் விசிற ஆரம்பித்துவிடுவார்கள்.

அவள் வந்தாள். காலைத் தேய்த்தாள். கேட்டாள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, “இல்லம்மா” என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த ஒரு நாள் மட்டும், கடிதம் கையில் இருக்கும்போது இல்லை என்று சொன்னால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். அன்று ஆறு பக்கம் எழுதினேன்.

மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது கடிதம் தையில் வந்தது. ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தான். அப்போது முதல் கடிதத்தைக் கொடுக்க முடியாத நிலைமை. தேதி முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். இதற்குள் சயாமிலிருந்து தப்பி வரதராஜன்பேட்டைக்குத் திரும்பிய ஒருவர், கண்ணையனைக் காலரா முகாமில் பார்த்ததாகவும் அங்கே போனவர் திரும்பியதில்லை என்றும் சொல்லிவிட்டார். அவளுடைய அண்ணன் செல்லமுத்து கருமாதி செய்துவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. என் மனைவி ஜெகதாம்பாள் தினமும் என்னைக் கேட்பாள். “அந்தப் பொண்ணுக்குச் சேதி வந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. நானே ஓடிப் போயிச் சொல்லிப்புட்டு வரேன்.” சரி என்பேன்.

பங்குனியில் வந்தது ரிஜிஸ்தர் தபால், ஒப்பு அட்டையோடு. அந்த அட்டையில் பெற்றுக்கொண்டவர் கைநாட்டு வைத்தால் அது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். உள்ளே நான்கு வரிதான் இருந்தது. ‘நீ பதில் எழுதவேண்டாம். இந்த அட்டையில் உன் ரேகை வந்தால் போதும். நீ இருக்கிறாய், எனக்காக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.’

திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அவன் ஊரில் வேறு யாருக்காவது எழுதுவான். ஆகவே மைப் பெட்டியில் என் இடது கைப் பெருவிரலை ஒற்றி அட்டையில் வைத்தேன். நீங்கள் அதைச் சென்னைக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டியதில்லை. அது என் விரல்தான்.

சித்திரையில் ஒரு நாள் அவள் வழக்கம்போல் கேட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

“வாத்தியாரே, நீங்க படிச்சவங்க. எங்கண்ணன் சொல்றாரு, ஊரு சொல்லுது. எனக்கு மட்டும் மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க காத்திருன்னா இருக்கேன்.”

கடிதங்கள் மேஜை இழுப்பறையில், என் முழங்காலுக்கு மேலே இருந்தன. நான் கொஞ்சம் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். தாலி வாங்கும் சடங்கை நான் கிட்டத்திலிருந்து பார்த்ததில்லை. பன்னிரண்டாம் அத்தியாயம் அங்கேதான் நின்றிருந்தது.

“எத்தன நாளுதாம்மா இருப்ப? செய்ய வேண்டியத செஞ்சுடு” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். காலைத் தேய்க்காமலே படியிறங்கிப் போனாள்.

கருமாதிக்குப் போயிருந்தேன். ஆண்கள் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். தாலியைக் கழற்றும்போது அவள் அழவில்லை. கழுத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் எதிர்பார்த்தது அது இல்லை. நாவலில் அழுவதாகத்தான் எழுதினேன்.

அவர்கள் வகையறாவில் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. ஆவணியில் பூலாம்பாடியில் நல்லதம்பி என்கிறவருக்கு அவளைக் கொடுத்தார்கள். மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடிதங்களை அப்போதாவது எரித்திருக்கலாம். எரிக்கவில்லை. பதினைந்தாம் அத்தியாயத்துக்குக் கண்ணையனுடைய வார்த்தைகள் தேவைப்பட்டன.

இந்தத் தை மாதம் அவன் வந்துவிட்டான். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நுழையும்போதே அவள் சேதியைக் கேள்விப்பட்டு, நேராக என் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தான். சட்டைப் பைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினான். “ரேக வச்சு அனுப்பிச்சாளே வாத்தியாரே. அப்புறம் எப்புடி இன்னொருத்தன் வூட்டுக்குப் போனா?”

எனக்குத் தெரியாது என்றேன். பூலாம்பாடிக்குப் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னான். அந்தக் காலோடு தனியாகப் போகவேண்டாம், நானும் வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அரியலூரில் பஸ் மாறும்போது இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு, “அடுத்த புஸ்தகம் எப்ப சார் வருது?” என்று கேட்டார்கள். சீக்கிரம் என்றேன். கண்ணையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பெரம்பலூரிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு போனோம். அவள் முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். அவனைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். நல்லதம்பி வெளியே வந்தார். கண்ணையன் ஒன்றும் திட்டவில்லை. அட்டையை அவள் முன்னால் நீட்டினான்.

“இது ஒன் ரேகதானா?”

“எனக்கு எந்தக் கடுதாசியும் வரலியே! தெனம் போயிக் கேட்டனே... வாத்தியாரே, சொல்லுங்க. நீங்கதான இல்ல இல்லன்னீங்க?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், ஐயா. அதை இரண்டு ஆண்களுக்கு நடுவில், அந்த வெயிலில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

“எத்தனையோ பேருகிட்ட ரேக வாங்குறோம். எனக்கு நெனப்பு இல்ல” என்றேன்.

பூங்காவனம் தன் இடது கைப் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் அது அப்படிச் செய்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறவள் மாதிரிப் பார்த்தாள். கண்ணையன் அட்டையை முற்றத்தில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தான். நல்லதம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். புருஷன் இருப்பது தெரிந்தே வந்தவள் என்று பத்து நாளில் பஞ்சாயத்து கூட்டி அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்லமுத்து அவளோடு பேசுவதில்லை. கண்ணையனும் அவள் இருக்கும் தெருவுக்கு வருவதில்லை.

நான் ஊருக்குத் திரும்பி நாவலை முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவள் அழுதுகொண்டே கிணற்றை நோக்கி நடக்கிறாள்.

அவள் உங்கள் ஆபீசுக்குத்தான் நடந்து வந்தாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், எழுதப் படிக்கத் தெரியாதவள், தனியாக. கண்ணையன் எறிந்துவிட்டுப் போன அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, “எங் கையையும் பாருங்க, இதையும் பாருங்க” என்று வெள்ளைக் காகிதத்தில் தானே விரலை ஒற்றிக் கொடுத்தாளாமே. இரண்டு வருஷமாக அவளைக் கூர்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடிதங்களை மறைத்தது நான். ரேகை என்னுடையது. தாலியை வாங்கச் சொன்னது நான். பூலாம்பாடியில் வாய் திறக்காததும் நான். எந்தத் தண்டனைக்கும் ஆட்சேபம் இல்லை. என் மனைவி நேற்றிலிருந்து என் முன்னால் வருவதில்லை, அதுவும் நியாயம்தான். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? என் இழுப்பறையிலிருந்து கடிதங்களோடு நீங்கள் எடுத்துக்கொண்ட கையெழுத்துப் பிரதியை நான்கு நாளைக்குத் திருப்பித் தர முடியுமா? கிணற்றை எடுத்துவிட்டு, அவள் உங்கள் ஆபீசுக்கு வந்ததைச் சேர்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நான் செய்யக்கூடிய நியாயம் அது ஒன்றுதான், ஐயா.