நிதானம் ஓட்டிய காலி வண்டி

இரவு பதினொன்றே கால். புறவழிச் சாலையில் ஒரு காலி பஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் கடைசி நிறுத்தத்திலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். வண்டியை டிப்போவில் விட வேண்டும்... அவ்வளவுதான் மிச்ச வேலை.

ஓட்டியவர் என் நண்பனின் தாய்மாமா. டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதைத் தாண்டாது. சைக்கிள்காரன்கூட மணியடித்துவிட்டு முந்திப் போவான் என்று கேலி செய்வார்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

பல மாதம் கழித்து அன்றுதான் அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அதற்கு முன் அவர் ஓட்டிய வண்டியில் குண்டு வெடித்தது. காலை நேரம், நிற்க இடமில்லாத கூட்டம். எவனோ ஒருவன் பின் சீட்டுக்கு அடியில் பையை வைத்துவிட்டு, பாலத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கிப் போனான். பாலம் ஏறும்போது... முடிந்தது. வண்டியின் பின்பாதியே இல்லை. நிதானத்துக்கு இடது காது மட்டும் போயிற்று.

அந்தப் பின்பாதியில் தோழிகளோடு நின்றிருந்தவள் அவருடைய ஒரே மகள். நர்சிங் கடைசிப் பரீட்சைக்குப் போனவள்.

அதன்பின் வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு 'சாப்பிடுறீங்களா', 'வேணாம்' என்ற அளவில்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சரி. அந்தக் காலி வண்டி...

புறவழிச் சாலையில் திரும்பியதும் இடது காதில் ஒரு சத்தம். செத்த காதில். வளையல் உரசல், இருமல், யாரோ சில்லறை கேட்பது... நெரிசலான பஸ்ஸின் இரைச்சல். வலது காதில் வெறும் இன்ஜின். வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தார். இன்னும் தெளிவாகக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு சீட்டிலும் ஆளில்லை. கருகிய ரப்பர் நெடி மட்டும்.

அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சிரிப்பு. பெற்றவனுக்குத் தெரியாதா?

வீட்டு நிறுத்தம் வந்தது. நிறுத்தினார். கதவைத் திறந்துவிட்டார்.

"பாப்பா... வீடு வந்துடுச்சும்மா. இறங்கிடு."

"எடுங்கப்பா. பரீட்சைக்கு நேரமாச்சு."

"அம்மா தனியா இருக்காடா. இன்னைக்குப் போக வேணாம். அப்பா சொல்றேன்ல?"

"நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு இப்பவே கெளம்பினாத்தான் உண்டு. எடுங்கப்பா."

கெஞ்சினார். திட்டிப் பார்த்தார். மறுபடி கெஞ்சினார். யாரும் இறங்கவில்லை. கடைசியில்... எடுத்தார். டிப்போவுக்குத் திருப்பாமல், அந்தப் பழைய ரூட்டிலேயே.

பாலம் வந்தது. கண்ணில் நீர் முட்டி ரோடே தெரியவில்லை. உள்ளே எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாவம், அவர்களுக்குத் தெரியாது. வண்டி பாலத்தில் ஏறியது... இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மணி. டிங். நிறுத்தினார். படிக்கட்டு கிரீச்சிட்டது. மார்க்கெட்டில் ஒரு கும்பல் இறங்கியது. மில் வாசலில் இரண்டு பேர். இறங்க இறங்க இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாகக் கல்லூரி. பூட்டிய கேட், மேலே ஒற்றை விளக்கு. ஒரு ஜோடிச் செருப்பு டக்... டக்கென்று படியிறங்கியது.

"வர்றேன்பா."

அத்தோடு இடது காது மறுபடி செத்துப்போனது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து வெகுநேரம் அழுதார். பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று என்ற அழுகை அது.

வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வீடு சேரும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது, அவளிடம் சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தார். மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நைட்டு நம்ம ஸ்டாப்புல கதவத் தெறந்துவெச்சு அவ்வளவு நேரம் நின்னீங்களே..." என்றாள். "பாப்பா பஸ் ஜன்னலோரமா நின்னு என்னையே பாத்துட்டு இருந்தா. முகத்துல ஒரு கீறல்கூட இல்ல. நான் மாடியிலேர்ந்து இறங்கி ஓடி வர்றதுக்குள்ள எடுத்துட்டீங்களே... ஏங்க?"